20 நிமிடம் முதல் 55 நிமிடம் வரை: பிரிட்டனின் ஓரங்க நாடக விழா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் ஒரு சிறு நகரத்தில் குடியிருக்கிறேன். பகலில் கணக்கு எழுதும் வேலை. மாலையில் ஊர் நாடகக் குழுவில் மேடைப் பொறுப்பு. மேஜை நாற்காலி தூக்குவது, கதவுச் சட்டத்தை நிமிர்த்துவது, விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது, நேரத்துக்குத் திரையைத் திறப்பது எல்லாம் என் தலையில். குளிர்காலம் முடியும் தறுவாயில் ஓரங்க நாடக விழாக்கள் தொடங்கிவிடும். அந்தச் சில மாதங்களுக்கு வாரக் கடைசிகளில் வீட்டில் என்னைப் பார்க்க முடியாது. கோயிலிலும் தமிழ்ப் பள்ளி வாசலிலும் ஊருக்குப் பேசும்போதும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே ஒரே முறையாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

இந்த விழாவில் அப்படி என்னதான் நடக்கிறது?

ஒரு மாலையில் இரண்டு அல்லது மூன்று ஓரங்க நாடகங்கள். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு ஊர்க் குழு நடத்தும். கடைசியில் நடுவர் மேடையேறி, பார்வையாளர்கள் எல்லாரும் கேட்க, ஒவ்வொரு நாடகத்தைப் பற்றியும் தன் கருத்தைச் சொல்வார். வட்டாரச் சுற்றில் வென்ற குழு அடுத்த சுற்றுக்குப் போகும். அப்படியே ஏறிப் போனால் இங்கிலாந்து இறுதிப் போட்டி. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நான்கிலும் வென்றவர்கள் கோடையில் பிரிட்டன் இறுதிப் போட்டியில் சந்திப்பார்கள். அந்த இறுதிப் போட்டி நான்கு நாடுகளுக்கும் முறை வைத்துப் போகும்.

ஒரே நாடகத்தை நான்கைந்து ஊர்களில், முன்பின் தெரியாத நான்கைந்து மேடைகளில் போட வேண்டிவரும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம். சொந்த ஊர் மேடையில் கண்ணை மூடிக்கொண்டு நடக்கிற நடிகர், வேறு ஊரில் மேடையோரத்தை மறைக்கும் பக்கத் தட்டியில் முட்டிக்கொள்வார்.

இதற்குச் சம்பளம் உண்டா?

மயிலாடுதுறையிலிருந்து என் அம்மா ஒவ்வோர் ஆண்டும் கேட்கும் கேள்வி இது. இல்லை அம்மா. நாங்கள்தான் குழுவுக்குச் சந்தா கட்டுகிறோம். வேன் வாடகையையும் பங்கு போட்டுக்கொள்கிறோம்.

எப்போது தொடங்கியது?

முதல் உலகப் போரின் கடைசிக் காலம். ஜெஃப்ரி விட்வொர்த் என்ற பதிப்பாளர், கென்ட் மாவட்டத்துக் கிரேஃபோர்டில் போர்த் தளவாடத் தொழிலாளர்களுக்கு உரையாற்றப் போனார். அங்கே அந்தத் தொழிலாளர்கள் கையில் பிரதியை வைத்துக்கொண்டு ஒரு நாடகத்தை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அரங்க அலங்காரம் இல்லை, உடை இல்லை. அதைப் பார்த்தவருக்குப் பொறி தட்டியது. 1919இல் பிரிட்டிஷ் டிராமா லீக் என்ற நாடக அமைப்பு பிறந்தது. 1926இல் ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்களுக்கென்று ஸ்காட்டிஷ் சமூக நாடகச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அது இன்றும் இருக்கிறது. 1927இல் லீக் தன் முதல் தேசிய ஓரங்க நாடக விழாவை நடத்தியது.

லீக் 1990இல் மூடப்பட்டது. தாய் அமைப்பு போன பிறகும் விழா நிற்கவில்லை. நாட்டுக்கு நாடு தனித்தனிச் சங்கங்கள் எடுத்து நடத்துகின்றன. இங்கிலாந்தில் அதற்கு அகில இங்கிலாந்து நாடக விழா என்று பெயர். புதிதாக எழுதப்பட்ட நாடகங்களுக்கென்று விட்வொர்த் பெயரில் தனிப் பரிசு ஒன்றும் உண்டு.

ஏன் ஓரங்கம்? முழு நாடகம் போட்டால் என்ன?

ஒரு மாலையில் மூன்று குழுக்களை மேடையேற்ற வேண்டுமென்றால் வேறு வழியில்லை. ஆனால் ஓரங்க நாடகத்தின் கதையே தனி. விக்டோரியா காலத்து லண்டன் நாடகக் கொட்டகைகளில் பெரிய நாடகத்துக்கு முன்னால் ஒரு குட்டி நாடகம் போடுவார்கள். பணக்காரர்கள் இரவு விருந்தை முடித்துக்கொண்டு மெதுவாக வருவார்கள். அதுவரை கேலரி டிக்கெட்டுக்காரர்களைச் சும்மா உட்கார வைக்க முடியாதல்லவா? முதல் உலகப் போரை ஒட்டி அந்தப் பழக்கம் தேய்ந்துபோனது. தொழில்முறை அரங்கு கைவிட்ட பிள்ளையை அமெச்சூர்கள் எடுத்து வளர்த்தார்கள். பிரிட்டனில் ஓரங்க நாடகம் இன்னமும் எழுதப்படுகிறது, அச்சாகிறது என்றால் பெரும்பாலும் இந்த விழாக்களால்தான்.

நம் சபா நாடகங்களின் இரண்டு மணி நேரக் கணக்குக்குப் பழகியவர்களுக்கு முதலில் இது சிறுகதையைப் படித்துவிட்டு நாவலைத் தேடுகிற மாதிரி இருக்கும். இரண்டு விழாக்கள் பார்த்தால் சரியாகிவிடும்.

நேரம் என்ன கணக்கு?

இங்கிலாந்து விழாவில் நாடகம் 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, 55 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மேடையில் உங்கள் அரங்கப் பொருட்களை அடுக்க 10 நிமிடம். முடிந்ததும் மேடையைத் துடைத்துவைத்த மாதிரி காலி செய்ய 5 நிமிடம். விழாவின் ஆள் ஒருவர் நிறுத்து கடிகாரத்தோடு பக்கத் தட்டியில் நிற்பார். தேநீர் கொடுத்துச் சரிக்கட்ட முடியாத ஆள்.

அந்தப் 10 நிமிடம்தான் என் பிழைப்பு. திரைக்கு முன்னால் நடப்பதைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். திரைக்குப் பின்னால் ஆறு பேர் வாய் பேசாமல், ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல், ஒரு சமையலறையையே எழுப்பி நிறுத்துவதை யாரும் எழுதுவதில்லை. நாங்கள் கார் நிறுத்துமிடத்தில் சாக்பீஸால் மேடையின் அளவைக் கோடு போட்டு, அதற்குள் பொருட்களை வைத்துப் பழகுவோம். யார் எந்தப் பொருளை எடுப்பது, எந்தப் பக்கத்திலிருந்து வருவது, எதை முதலில் வைப்பது எல்லாவற்றுக்கும் பட்டியல் உண்டு. முதல் முறை 19 நிமிடம் ஆகும். மனம் தளராதீர்கள். பத்தாவது முறை 8 நிமிடத்துக்கு வந்துவிடும். வராவிட்டால் உங்கள் ஜோடனை அதிகம் என்று அர்த்தம். ஒரு நாற்காலியைக் குறையுங்கள். விழா மேடையில் பெரும்பாலும் மூன்று பக்கமும் கறுப்புத் திரைதான் இருக்கும். அதன் முன்னால் ஒரு ஜன்னல் சட்டத்தை மட்டும் தொங்கவிட்டாலே பார்க்கிறவர்கள் சுவரைக் கற்பனை செய்துகொள்வார்கள். இது தெருக்கூத்து பார்த்து வளர்ந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏதாவது தவறிப்போனால்?

போகும். ஓர் ஆண்டு எங்கள் சாப்பாட்டு மேஜையின் கால்களை முடுக்கும் திருகாணிப் பெட்டி எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டது. போன ஊர் 60 மைல் தள்ளி. இரண்டு பழைய தேயிலைப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மேலே பலகையைக் கிடத்தி, தரையைத் தொடும் விரிப்பால் மூடினோம். பார்ப்பதற்கு மேஜை. சாய்ந்தால் கவிழும். நடிகர்களிடம் மெல்லச் சொல்லிவைத்தேன். நாடகம் ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்தது.

நடுவர் மேடையேறினார். நடிப்பைப் பாராட்டினார். பிறகு சொன்னார்: “இந்தக் குடும்பத்தில் எல்லாரும் அந்த மேஜையைத் தொடப் பயப்படுகிறார்கள். என்ன காரணம் என்று கதை முழுக்கத் தேடினேன். கடைசி வரை கிடைக்கவில்லை.”

அரங்கமே சிரித்தது. திருகாணிப் பெட்டியை மறந்தவன் பக்கத் தட்டிக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நடுவர் யார்? மதிப்பெண் எப்படிப் போடுவார்?

ஒரே ஒரு நடுவர்தான். நாடக நடுவர்களுக்கென்று இங்கே ஒரு சங்கம் இருக்கிறது. சோதித்துத்தான் உறுப்பினராகச் சேர்ப்பார்கள். அவர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு: நடிப்புக்கு 40, இயக்கத்துக்கு 35, மேடை அமைப்புக்கு 15, நாடகம் ஒட்டுமொத்தமாக எட்டிய உயரத்துக்கு 10. கூட்டினால் 100.

இதில் இயக்கத்துக்கு 35 என்பதைக் கவனியுங்கள். புதிதாக வரும் குழுக்கள் நல்ல நடிகர் ஒருவரை நம்பி வந்து ஏமாறுவது இங்கேதான். ஒருவர் பேசும்போது மற்ற மூவர் என்ன செய்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள், மௌனம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, வேகம் எங்கே கூடுகிறது என்பதெல்லாம் அந்த 35க்குள் வரும். மேடை அமைப்பின் 15இல் விளக்கு, ஒலி, உடை, ஒப்பனை எல்லாம் அடங்கும். என் ஆண்டு முழுவதும் அந்த 15க்குள்தான் கழிகிறது. கடைசி 10 எதற்கென்று பலரும் கேட்பார்கள். எளிய நாடகத்தைக் குறையில்லாமல் போட்ட குழுவுக்கும், கடினமான நாடகத்தைத் துணிந்து எடுத்து முக்கால்வாசி எட்டிய குழுவுக்கும் உள்ள வித்தியாசத்தை அது சொல்லும்.

நடுவர் அரங்கத்தில் பார்வையாளர்களோடுதான் உட்காருவார். முன்னால் சிறு மேஜை, மூடி போட்ட சிறு விளக்கு, குறிப்பேடு. ஒரு நாடகம் முடிந்ததும் குறிப்பு எழுதி முடிக்கும் வரை அடுத்தது தொடங்காது. அவர் சைகை காட்டிய பிறகுதான் அரங்க விளக்கு அணையும்.

எல்லார் முன்னாலும் குறை சொன்னால் மனம் புண்படாதா?

புண்படும். முதல் ஆண்டு எங்கள் கதாநாயகி காருக்குள் உட்கார்ந்து அழுதார். மூன்றாம் ஆண்டு அவரே நடுவரின் வார்த்தைகளைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொன்னால், நான் இந்த விழாக்களுக்குப் போவதே நடுவர் பேசும் அந்த அரை மணி நேரத்துக்காகத்தான். சொந்த ஊரில் நாடகம் போட்டால் என்ன கிடைக்கும்? “பிரமாதம், அசத்திவிட்டீர்கள்” என்று அக்கம்பக்கத்தார் கைகுலுக்குவார்கள். அதில் ஒரு பயனும் இல்லை. இங்கே உங்களை முன்பின் அறியாத ஒருவர், இருட்டில் உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, “மூன்றாவது காட்சியில் கடிதத்தைப் படிப்பதற்கு முன்பே உங்கள் முகம் செய்தியைச் சொல்லிவிட்டது” என்கிறார். பணம் கொடுத்தாலும் கிடைக்காத பார்வை அது. மறுநாள் குழுவோடு தனியாக உட்கார்ந்து விரிவாகப் பேசும் நடுவர்களும் உண்டு. பொது மேடையில் நாசூக்காகத் தொட்டுவிட்டுப் போனதையெல்லாம் அங்கே உடைத்துச் சொல்வார்கள்.

நல்ல நடுவருக்கு ஓர் அடையாளம் உண்டு. தான் இயக்கியிருந்தால் எப்படிச் செய்திருப்பேன் என்று சொல்ல மாட்டார். நீங்கள் எதைச் செய்ய முயன்றீர்களோ, அது எங்கே நிறைவேறியது, எங்கே நழுவியது என்பதைத்தான் சொல்வார். சரியில்லாத நடுவர்களும் இருக்கிறார்கள். தான் இளமையில் நடித்த நாடகத்தைப் பற்றியே பத்து நிமிடம் பேசியவரைக் கேட்டிருக்கிறேன்.

யாருமே நன்றாகச் செய்யவில்லை என்றால் கோப்பை என்ன ஆகும்?

எங்கள் வட்டாரத்தில் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. நம் நாட்டில் நடந்திருக்கிறது. புனேயில் 1963 முதல் கல்லூரிகளுக்கிடையே நடக்கும் புருஷோத்தம் கரண்டக் என்ற மராத்தி ஓரங்க நாடகப் போட்டி மிகவும் புகழ்பெற்றது. 2022இல் அதன் நடுவர்கள் எந்த நாடகமும் தகுதிக்கு வரவில்லை என்று முதல் கோப்பையை யாருக்கும் கொடுக்கவில்லை. மாணவர்கள் கொதித்தார்கள், நாடக உலகம் இரண்டாகப் பிரிந்து வாதாடியது. என் கட்சி எது என்று கேட்டால், வந்தவர்களில் சிறந்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். போட்டி வைத்தது அதற்குத்தானே.

எந்த நாடகத்தையும் எடுத்துப் போடலாமா?

உரிமை வாங்கித்தான் போட வேண்டும். பிரிட்டனில் ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. நீங்கள் சம்பளம் வாங்காதவர் என்பதால் சலுகை கிடையாது. ஒவ்வொரு முறை மேடையேற்றுவதற்கும் கட்டணம். அடுத்த சுற்றுக்குத் தேர்வானால் மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம். வென்ற மகிழ்ச்சியில் இதை மறந்துவிடும் பொருளாளர்கள் உண்டு.

60 நிமிட நாடகம் கையில் இருக்கிறது, ஐந்தாறு நிமிடம் வெட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். வசனத்தை வெட்டவும் மாற்றவும் உரிமையாளரின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இந்தத் தொல்லைகளுக்குப் பயந்தே பல குழுக்கள் தங்களுக்குள் ஒருவரை எழுத வைக்கின்றன. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எழுதுகிறார். வசனம் நறுக்கென்று இருக்கும். அவருக்கு முடிவுதான் கைவராது. எல்லா நாடகத்திலும் கடைசியில் யாராவது கதவைத் தட்டுவார்கள்.

தணிக்கை உண்டா?

இப்போது இல்லை. 1737 முதல் 1968 வரை உண்டு. பொது மேடைக்கு வரும் புதிய நாடகம் எதுவானாலும், அரண்மனை அதிகாரியான லார்ட் சேம்பர்லின் அலுவலகத்துக்குப் பிரதியை அனுப்பி அனுமதி பெற வேண்டும். கிராமத்து அமெச்சூர் எழுதிய அரை மணி நேரக் குட்டி நாடகமும் அதில் அடக்கம். இதில் ஒரு வேடிக்கை: 1824க்குப் பின் அப்படிப் போன பிரதிகள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. யாரும் பாதுகாத்திருக்க மாட்டாத எத்தனையோ நாடகங்கள் தணிக்கைக்காரரின் புண்ணியத்தால் பிழைத்துக் கிடக்கின்றன.

இதே ஆங்கிலேயர்கள்தான் 1876இல் இந்தியாவுக்கு நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். தமிழ்நாடு 1954இல் தனக்கென்று ஒன்றை இயற்றிக்கொண்டது. ‘பரீக்‌ஷா’ நாடகக் குழுவை நடத்திய ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது.

மேடையில் சிகரெட் பிடிக்கலாமா?

சிரிக்காதீர்கள், இது விழாக்காரர்களுக்கு உண்மையான தலைவலி. இங்கிலாந்தில் 2007 ஜூலை முதல் பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை. ஆனால் நாடகத்தின் கலைத் தேவைக்காக நடிகர் மேடையில் பிடிக்க விதிவிலக்கு உண்டு. ஒத்திகைக்கு அந்த விலக்கு இல்லை. அதனால் எங்கள் நாடகத்தில் துப்பறிவாளராக நடித்தவர் ஆறு வாரம் பென்சிலை வாயில் வைத்துப் பழகினார்.

ஸ்காட்லாந்தில் 2006 மார்ச்சில் வந்த தடையில் நாடக மேடைக்கு விலக்கே வைக்கவில்லை. மூலிகைச் சுருட்டும் கூடாது. அதே ஆண்டு எடின்பரோ விழாவில் சர்ச்சிலாக நடித்த மெல் ஸ்மித் சுருட்டைக் கொளுத்துவேன் என்றார். கொளுத்தினால் அரங்கை மூடுவோம் என்றது நகராட்சி. சர்ச்சிலின் சுருட்டு பற்றாமலேயே மேடையேறியது. ஆகவே பிரிட்டன் இறுதிப் போட்டி ஸ்காட்லாந்தில் என்றால், உங்கள் கதாபாத்திரம் எல்லையைத் தாண்டும்போது புகைப்பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

என் மகளுக்குப் பதினோரு வயது. சேர்க்கலாமா?

தாராளமாக. பள்ளி வயதுப் பிள்ளை மேடையேறுவதற்கு உள்ளூர் மன்றத்தின் உரிமம் வேண்டிவரலாம். ஆறு மாதத்தில் நான்கு நாட்கள் வரை மட்டும், சம்பளம் இல்லாமல், பள்ளிக்கு விடுப்பு எடுக்காமல் நடிப்பதற்கு விலக்கு உண்டு. எதற்கும் குழுவின் செயலாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

என் ஆங்கில உச்சரிப்பு நம் ஊர் உச்சரிப்பு. சிரிக்க மாட்டார்களா?

மாட்டார்கள். ஸ்காட்லாந்துக்காரர் பேசுவது இங்கிலாந்துக்காரருக்கே பாதி புரியாது. அரங்கின் கடைசி வரிசைக்குக் கேட்கிறதா என்பதுதான் கேள்வி. நம்மவர்களின் குறை உச்சரிப்பு அல்ல, வேகம். வசனத்தை ஒரே மூச்சில் கொட்டிவிட்டு மூச்சு வாங்குவோம். அதை மட்டும் பழக்கினால் போதும். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத் தமிழ்மொழித் தினப் போட்டியில் நடித்த நண்பர் ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். அவர் குரலுக்கு ஒலிவாங்கியே வேண்டாம்.

தமிழ் நாடகத்தைக் கொண்டுபோக முடியுமா?

மொழிபெயர்த்துக் கொண்டுபோங்கள் என்பேன். நடுவருக்கு மொழி தெரியாவிட்டால் 40 மதிப்பெண் நடிப்பை எதை வைத்து அளப்பார்? தமிழில் நல்ல ஓரங்க நாடகங்கள் இருக்கின்றன. ஆசிரியரின் அல்லது வாரிசுகளின் அனுமதி பெற்று, ஆங்கிலத்தில் பேசிப் பார்த்துத் திருத்தித் திருத்தி உருவாக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளாக ஒன்றில் கைவைத்திருக்கிறேன். மாமியார் மருமகளிடம் “சாப்பிட்டாயா?” என்று கேட்கும் இடத்தில் நின்றுவிட்டது. அந்தக் கேள்வியில் இருக்கும் குத்தலை ஆங்கிலத்தில் எப்படிக் கொண்டுவருவது என்று தபால்காரரும் நானும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

நடிக்கவெல்லாம் வராது. பார்க்க மட்டும் வரலாமா?

வாருங்கள். சினிமா டிக்கெட் அளவுக்கோ அதற்குக் குறைவாகவோதான் இருக்கும். இடைவேளையில் தேநீரும் வீட்டில் செய்த கேக்கும் விற்பார்கள். கடைசி நாடகம் முடிந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், நடுவர் இன்னும் பேசவில்லை. நடுவரின் மேஜைக்கு நேர் பின்வரிசையில் மட்டும் உட்காராதீர்கள். அவர் விளக்கின் வெளிச்சம் கண்ணில் அடிக்கும். எந்த நேரத்தில் பேனாவை எடுக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பீர்கள், நாடகம் போய்விடும். சரசரக்கும் காகிதத்தில் சுற்றிய மிட்டாயை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.